கைராசியும் பால் கணக்கு நோட்டும்: மடிப்பாக்கத்து மொட்டை மாடி ஒன்றின் இரண்டு ஆண்டுக் கணக்கு

எதிர்வீட்டு அக்கா மாடியில் கத்தரி காய்த்துக் குலுங்குகிறது, நம் மாடியில் எல்லாம் தலை தொங்கி நிற்கிறது, உனக்குக் கைராசி இல்லை என்று அம்மா சொன்னது 2023 ஜூன் முதல் வாரத்தில். அது தைத்துவிட்டது. அன்று மாலையே பழைய பால் கணக்கு நோட்டு ஒன்றைத் தேடி எடுத்து, எழுதாத பக்கங்களில், செடி வளர்க்கும் பைக்கு ஒரு வரி வீதம் கோடு போட்டேன். எந்தப் பையில் என்ன விதைத்தோம், என்றைக்கு முளைத்தது, பூத்தது, காய்த்தது அல்லது செத்தது. செத்த செடியின் பையைக் கவிழ்த்து, வேர் எந்த நிறத்தில் இருந்தது என்றும் எழுதினேன். இந்த ஆய்வில் சொல்லும் எண்களெல்லாம் அந்த நோட்டில் உள்ளவை. ஏப்ரல், மே மாதங்களுக்கு மட்டும் நினைவிலிருந்து எழுதியது.

தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீடு. மாடி சுமார் 650 சதுர அடி, மேற்கே உயரமான கட்டடம் எதுவும் கிடையாது. காலை ஏழு முதல் மாலை ஆறு வரை வெயில் தங்குதடையின்றி விழும். செடிக்கு வெயில் வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்ததால் இதைப் பெரும் பாக்கியமாக நினைத்தோம்.

சித்திரைப் பிறப்புக்கு அடுத்த வாரம், ஒரே நாளில் 36 பைகள் வாங்கினோம். ஒவ்வொன்றும் ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம், கொள்ளளவு இருபது லிட்டர் சொச்சம். கோகோ பீட் எனும் தேங்காய் நார்த்தூள் ஐந்து கிலோ கட்டி ஏழு, மண்புழு உரம் ஆறு மூட்டை. செம்மண் ஒரு கூடைகூட இல்லை. மாடி கனம் தாங்காது என்று உறவினர் ஒருவர் பயமுறுத்தியிருந்தார். விதைப் பொட்டலங்கள் பதினொன்று. அவற்றில் கேரட்டும் முட்டைகோஸும் காலிஃபிளவரும் உண்டு. சென்னை வெயிலில், அதுவும் ஏப்ரல் கடைசியில், காலிஃபிளவர் விதைத்தவர்கள் நாங்கள். பொட்டலத்தின் மேல் படம் அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

ஜூன் முடிவில் 36 பைகளில் உயிர் இருந்தவை 15. கையில் வந்தது ஒரு கட்டு சிறுகீரையும் ஏழு வெண்டைக்காயும்.

அப்பா ஊரில் இல்லாத ஒன்பது நாள்

ஜூலையில் ஒரு திருமணத்துக்காக அப்பா கும்பகோணம் போய் ஒன்பது நாள் தங்கிவிட்டார். அந்த ஒன்பது நாளில் கத்தரிச் செடிகள் நான்கும் புதுத் துளிர் விட்டன. மிளகாயின் மஞ்சள் நின்றது. நான் கூடுதலாக எதுவும் செய்யவில்லை, வழக்கம்போல மாலையில் பூவாளியால் தண்ணீர் ஊற்றியதோடு சரி.

அப்பா திரும்பி வந்த மறுநாள் விடியற்காலை தற்செயலாக மாடிக்குப் போனேன். அவர் பைக்கு ஒரு சொம்பு வீதம் ஊற்றிக்கொண்டிருந்தார். ஏப்ரல் முதல் தினமும் காலை ஐந்தரைக்கு ஊற்றுகிறாராம். நான் ஏப்ரல் முதல் தினமும் மாலை ஆறுக்கு ஊற்றுகிறேன். இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒருவரிடம் ஒருவர் இதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

செத்த பைகளைக் கவிழ்த்தபோது எழுதியிருந்த குறிப்புகளுக்கு அன்றுதான் பொருள் புரிந்தது. 'அடியில் சேறு, புளித்த வாடை, வேர் பழுப்பு, இழுத்தால் தோல் உரிந்து நரம்பு மட்டும் வருகிறது' என்று ஒன்பது வரிகளில் ஏறக்குறைய ஒரே வாசகம். கோகோ பீட் ஏமாற்றும் பொருள். மேலே ஓர் அங்குலம் காய்ந்து வெளுத்துப்போயிருக்கும், உள்ளே பிழிந்தால் சொட்டும். மேலே வெளுத்ததைக் கண்டு நாங்கள் ஊற்றினோம். வேர் மூச்சுத் திணறி அழுகியது. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாமல் இலை வாடியது. வாடிய இலையைப் பார்த்து இன்னும் ஊற்றினோம்.

நடுப்பகல் வாட்டமும் எங்களை நன்றாக ஏமாற்றியது. கத்தரி, பீர்க்கு போன்ற அகன்ற இலைச் செடிகள் உச்சி வெயிலில், மண் ஈரமாக இருந்தாலும், இலையைத் தொங்கவிடும். வெயில் தாழ்ந்ததும் நிமிர்ந்துகொண்டால் தாகம் இல்லை என்று பொருள். காலை ஏழு மணிக்கே வாடி நின்றால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்துவிட்டே சொம்பைத் தூக்க வேண்டும்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. சமையலறையில் ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரை அப்பா இரண்டு பக்கெட்டுகளில் பிடித்து வைத்து, அதைத்தான் காலையில் ஊற்றி வந்தார். தண்ணீர் வீணாகக் கூடாது என்பது அவர் கொள்கை. 2019 கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த ஊரில் அதைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் அந்த இயந்திரம் குடிநீரிலிருந்து பிரிக்கும் உப்பு முழுவதும் கழிவுநீரில்தான் போய்ச் சேர்கிறது. நீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பார்த்தேன். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் 900 காட்டியது. பக்கெட்டில் இருந்தது 1,700. இலை ஓரங்கள் நெருப்பில் வாட்டியதுபோல் கருகியதற்கும், பையின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூத்ததற்கும் அதுவே காரணம். தரையில் நட்ட மரத்துக்கு ஊற்றினால் மழை வந்து உப்பைக் கழுவிக்கொண்டு போகும். இருபது லிட்டர் பையில் அது எங்கே போகும்? போதாததற்கு, கோகோ பீட்டிலேயே இயல்பாக உப்பு உண்டு. ஊறவைத்து இரண்டு மூன்று முறை நீர் மாற்றிப் பிழிந்த பின்னரே பயன்படுத்த வேண்டும். கட்டியை ஊறவைத்தபோது வடிந்த தேநீர் நிற நீரை, சத்து வீணாகிறதே என்று நாங்கள் பையிலேயே திருப்பி ஊற்றியிருந்தோம்.

குடிக்கிற தண்ணீரின் மிச்சம்தானே, அதில் என்ன கெடுதல் என்று அப்பா இரண்டு நாள் வாதாடினார். மூன்றாம் நாள் மீட்டரைத் தானே வாங்கிப் பார்த்துவிட்டு, பக்கெட்டைக் கழிவறைப் பக்கம் நகர்த்தினார். இப்போது வீடு துடைக்கவும் அந்த நீர்தான்.

தக்காளி விலையும் தக்காளிச் செடியும்

2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் போனதும், அரசு சென்னையின் நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றதும் நினைவிருக்கும். அந்த நாட்களில் எங்கள் மாடியில் தக்காளிச் செடி மூன்று, இடுப்பளவு உயரத்தில், பச்சைப் பசேலென்று நின்றன. கொத்துக் கொத்தாகப் பூத்தன. ஒரு பூ பிஞ்சாகவில்லை. காம்பில் ஒரு மஞ்சள் முடிச்சு விழும், மறுநாள் பூ கீழே கிடக்கும்.

உரம் போதவில்லை என்று பஞ்சகவ்யத்தை லிட்டருக்கு 30 மில்லி என்ற அளவை மீறி நூறு மில்லி கலந்து தெளித்தேன். செடி இன்னும் இலை விட்டது, அவ்வளவுதான். கோளாறு இரவு வெப்பத்தில் இருந்தது. இரவு 20 டிகிரியை ஒட்டி இருந்தால் தக்காளி நன்றாகப் பிஞ்சு பிடிக்கும். அதற்கு மேல் ஏற ஏற மகரந்தம் வலுவிழக்கும். சென்னையில் மே, ஜூன் மாத இரவுகள் 27, 28 டிகிரியில் நிற்பவை. மார்கழி, தை மாதங்களில்தான் 21 டிகிரி பக்கம் இறங்கும். அதனால் இந்த ஊர் மாடியில் தக்காளியைப் புரட்டாசியில் நாற்றுவிட்டு, ஐப்பசியில் நட்டு, மார்கழியில் பூக்க வைக்க வேண்டும். விலை ஏறும் மாதத்தில் நம் மாடியில் தக்காளி இருக்காது என்று ஏற்றுக்கொண்டால் மனம் அமைதியாகிவிடும்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பதைப் பள்ளியில் பழமொழியாக மனப்பாடம் செய்தோம். அதை நாட்காட்டியாக எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. அம்மா திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். கூரையில் அவரைக்கொடி ஏற்றிய வீடு. சித்திரையில் நான் அவரை விதைத்தபோது அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நகரத்து விதை வேறு மாதிரி இருக்கும் என்று நினைத்தாராம். நாட்டு அவரை பகல் குறுகும் காலத்தில்தான் பூக்கும். சித்திரையில் போட்டாலும் ஆடியில் போட்டாலும் கார்த்திகையை ஒட்டித்தான் பூ. எங்கள் சித்திரைக் கொடி ஏழு மாதம் வெறும் இலையாகப் படர்ந்து, அசுவினிப் பூச்சிக்கு வீடாகி, நான் வெட்டி எறிந்த மூன்றாம் வாரத்தில், ஆடி கடைசியில் அம்மா போட்ட கொடி பூத்தது.

பீர்க்கங்காயில் நேர்ந்தது சின்னத் தவறு. முதலில் ஆண் பூக்களே வரும், அடியில் குட்டிக் காயோடு வருவது பெண் பூ என்றறிந்து, காலையில் தூரிகையோடு மகரந்தம் தடவப் போனேன். பத்து நாள் போனேன். பீர்க்கும் சுரைக்காயும் மாலையில் மலர்பவை, நான் போகும் நேரத்தில் பூ வாடியிருக்கும். மாலை ஆறரைக்குப் போனதும் முதல் வாரத்திலேயே மூன்று காய் பிடித்தது. பாகலுக்கும் பூசணிக்கும் காலைதான் சரி.

கீரை விதை முளைக்காமல் போனதற்கு விதைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தோம். குற்றவாளி எறும்பு. வரிசையாக விதையைத் தூக்கிக்கொண்டு சுவர் இடுக்கில் போய்க்கொண்டிருந்ததைத் தம்பி பார்த்துவிட்டான். விதைக்கும் அன்று பையைச் சுற்றி இரண்டு சிட்டிகை ரவையைத் தூவி வைத்தால் எறும்பு அதில் மும்முரமாகிவிடும். நான்கு நாளில் கீரை முளைத்துத் தப்பிவிடும்.

டிசம்பர் 3, 4

மிக்ஜாம் புயல் சென்னையைத் தொட்டுக்கொண்டு ஆந்திரக் கரைக்குப் போன அந்த இரண்டு நாளில் நகரின் சில இடங்களில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். மின்சாரம் இல்லை. மாடியைப் பற்றி யாருக்கும் நினைவில்லை. ஐந்தாம் தேதி காலையில் ஏறிப் பார்த்தபோது மாடியில் மூன்று அங்குலத் தண்ணீர் நின்றது. இலைச்சருகும், பைகளிலிருந்து வழிந்த கோகோ பீட்டும் சேர்ந்து வடிகுழாய் வாயை அடைத்திருந்தன.

அப்போது 32 பைகளில் செடி இருந்தது. மதில் பூசிய வேலையில் மிஞ்சிய செங்கற்கள் கிடந்ததால் 14 பைகளை இரண்டு செங்கல் உயரத்தில் வைத்திருந்தோம். கல் தீர்ந்துபோனதால் மற்ற 18 தரையிலேயே இருந்தன. இதற்குப் பின்னால் எந்த யோசனையும் இல்லை. ஆனால் இந்த இரண்டு ஆண்டுகளில் எங்களுக்குக் கிடைத்த மிகத் தெளிவான சோதனை அதுதான். அடுத்த பத்து நாளில் தரையில் இருந்த 18 பைகளில் 13 செத்தன. செங்கல் மேலிருந்த 14 பைகளில் செத்தவை இரண்டு. மிளகாய்தான் முதலில் போனது, இரண்டே நாளில்.

இதை முழுச் சோதனை என்று சொல்லிவிட முடியாது. செங்கல் மேல் கத்தரி அதிகம், தரையில் மிளகாயும் கொத்தவரையும் அதிகம். கத்தரி பொதுவாகவே தாங்கும். ஆனால் தக்காளியை வைத்து ஒப்பிடலாம். ஒரே நாளில் நாற்றுவிட்ட பி.கே.எம். 1 என்ற ஒரே ரகம், ஆறு பைகள். தரையில் இருந்த நான்கும் போயின, செங்கல் மேலிருந்த இரண்டும் தை, மாசியில் மூன்றே முக்கால் கிலோ காய்த்தன. பையின் அடித் துளை தண்ணீருக்குள் மூழ்கிவிட்டால் அது துளையே இல்லை.

தண்ணீர் வடிந்த பிறகு கீழே படுக்கையறைக் கூரையில் ஒரு முறம் அளவுக்கு ஓதம் தெரிந்தது. பைகளை நெருக்கி வைத்திருந்த மூலைக்கு நேர் கீழே. பொறியாளர் ஒருவரிடம் கேட்டபோதுதான் எடைக்கணக்கு தெரிந்தது. ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயப்படி கணக்கில் எடுக்கும் கூடுதல் சுமை சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. எங்கள் பை ஒன்றை நனைந்த நிலையில் தராசில் வைத்தால் 18 கிலோ. அந்த மூலையில் சதுர மீட்டருக்கு ஒன்பது பைகள் இருந்தன, அதாவது 160 கிலோவுக்கு மேல். அதன் மேல் மூன்று அங்குலம் தேங்கிய நீர், பைகள் இல்லாத இடத்திலேயே சதுர மீட்டருக்கு 75 கிலோ. கட்டடங்கள் இந்த எண்ணைத் தொட்ட மாத்திரத்தில் இடிந்துவிடுவதில்லை. என்றாலும் அன்றிரவு அந்த அறையில் படுக்க அம்மா மறுத்துவிட்டார், நாங்களும் வற்புறுத்தவில்லை.

எதிர்வீட்டு மாடி

வெள்ளம் வடிந்த வாரத்தில் பால் வாங்கிக் கொடுக்க எதிர்வீட்டுக்குப் போனபோது, அக்காவின் மாடியை முதல்முறையாக ஏறிப் பார்த்தேன். பன்னிரண்டு பைகள்தான். தெருவிலிருந்து பார்த்தால் ஐம்பது இருப்பதுபோல் தோன்றும். எல்லாம் பழைய இரும்புக் கட்டில் ஒன்றின் சட்டத்தின் மேல். மேற்கே ஒட்டியபடி மூன்று மாடிக் கட்டடம். பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் அதன் நிழல் பைகள் மேல் விழுந்துவிடுகிறது. அவருக்குக் காலை வெயில் ஆறேழு மணி நேரம் கிடைக்கிறது. எங்களைச் சுட்டுக்கொண்டிருந்த பிற்பகல் வெயில் அவருக்கு இல்லை. அக்கா மாடிக்கு எப்போது போவீர்கள் என்று கேட்டேன். காலையில் துணி காயப்போடும்போது ஒருமுறை, வேறு எப்போது போவது என்றார். கைராசியின் விலாசம் அதுதான்.

எங்கள் மாடியில் அப்படி ஒரு சுவர், படிக்கட்டு அறையின் கிழக்குப் பக்கம். ஒன்றரை ஆண்டாக அங்கே பழைய சைக்கிளும் பெயிண்ட் டப்பாக்களும் பிற்பகல் நிழலை அனுபவித்துக்கொண்டிருந்தன.

இரண்டாம் ஆண்டு

2024 ஆடிக்கு 22 பைகளோடு தொடங்கினோம். வெல்டிங் பட்டறையில் 5,200 ரூபாய்க்கு அரையடி உயர இரும்பு நிலைகள் செய்து, சுவர் ஓரமாகவும் உத்திரம் ஓடும் கோட்டிலும் வைத்தோம். நடுமாடி காலி. செம்மண், கழுவிய கோகோ பீட், மட்கிய உரம் மூன்றும் சம அளவில். எடை கூடியது, பை ஒன்று நனைந்தால் 24 கிலோ. எண்ணிக்கையைக் குறைத்துப் பரப்பி வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஊற்றும் பொறுப்பு அப்பாவுக்கு மட்டும். வடிகுழாய் வாயைப் பார்க்கும் பொறுப்பு தம்பிக்கு. நான் நோட்டு.

எதை எத்தனை வைப்பது என்பதை அம்மாதான் முடிவு செய்தார். முதல் ஆண்டில் வெண்டை மூன்று செடி. நாளுக்கு ஒரு காய் வரும். இரண்டு நாள் விட்டால் நாராகிவிடும், அதற்குள் பொரியலுக்குச் சேராது. நான்கு பேருக்கு ஒரு வேளை பொரியலுக்குக் கால் கிலோ வேண்டும், பதினைந்து இருபது காய். ஆகவே வெண்டை வைத்தால் பன்னிரண்டு செடி, இல்லாவிட்டால் வேண்டாம் என்றார். கத்தரிக்கு நான்கு போதும். மிளகாய்க்கு இரண்டு. கீரைக்கு மூன்று பை, பத்து நாள் இடைவெளியில் ஒவ்வொன்றாக விதைப்பது. கேரட், கோஸ் பேச்சே இல்லை.

நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் மழை வந்தபோது செத்தது ஒரே ஒரு மிளகாய். தம்பி அந்த இரவில் மூன்று முறை குடையோடு மாடிக்குப் போனான்.

நடுவில் தக்காளிகளின் அடிப்பகுதி கறுத்து அமுங்கியது. சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று படித்து முட்டை ஓட்டை இடித்துப் போட்டேன். முட்டை ஓடு மட்கி வேருக்குப் போய்ச் சேர மாதங்கள் ஆகும், அதற்குள் பருவமே முடிந்துவிடும். உண்மையில், பழைய அடி நினைவில் அப்பா இப்போது மூன்று நாள் காயவிட்டுப் பிறகு மொத்தமாக ஊற்றிக்கொண்டிருந்தார். நீரோடுதான் அந்தச் சத்து காய்க்கு ஏறுகிறது, நீர் விட்டுவிட்டுப் போனால் அதுவும் விட்டுப்போகும். ஒருநாள் விட்டு ஒருநாள் அளவாக ஊற்றியதும் அடுத்த கொத்துகள் சுத்தமாக வந்தன.

முதல் ஆண்டு விளைச்சல் மொத்தம் 11 கிலோ, செலவு 9,800 ரூபாய். 2024 ஜூலை முதல் 2025 மார்ச் வரை 34 கிலோ: கத்தரி 10, தக்காளி 8, அவரை 6, வெண்டை 5, மீதி கீரையும் மிளகாயும். செலவு, இரும்பு நிலைகளையும் சேர்த்து 6,900. கோயம்பேட்டு விலையில் 34 கிலோ காய் இரண்டாயிரம் ரூபாய்க்கு வந்திருக்கும். மாடித் தோட்டம் போட்டால் காய்கறிச் செலவு மிச்சம் என்று யாராவது சொன்னால் அவர் கணக்கு எழுதவில்லை என்று பொருள்.

நோட்டிலிருந்து இன்னும் ஒரு கணக்கு. முதல் ஆண்டில் செத்த செடிகள் 43. அதிக நீரும் உப்பும் கொன்றவை 17, பருவம் தவறியவை 8, வெள்ளத்தில் போனவை 15. பூச்சி கொன்றவை மூன்று, அதுவும் செம்பருத்தித் தொட்டியிலிருந்து ஏறிய மாவுப்பூச்சி. அந்த மூன்றுக்காக வேப்பெண்ணெய், இஞ்சி பூண்டுக் கரைசல், மஞ்சள் ஒட்டும் அட்டை என்று 1,400 ரூபாய் செலவழித்திருந்தோம்.

தீராத ஒன்று கத்தரியில் காய்த்துளைப்பான். வாடிய நுனிகளைக் கண்டதும் கிள்ளி நசுக்குகிறோம், துளை விழுந்த காயைப் பறித்துப் போடுகிறோம். இருந்தும் மூன்றில் ஒரு காயை அறுத்தால் உள்ளே புழு. எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டேன். அவருக்கும் அப்படித்தானாம், புழு இருக்கும் பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு மீதியைக் குழம்பில் போடுகிறாராம்.